வந்த பிறகு வாங்கலாம்

தூத்துக்குடி
23 பிப்ரவரி 2025

அன்புள்ள அத்தானுக்கு,

போனில் உங்களைப் பிடிக்க முடியவில்லை. கப்பல் நங்கூரம் போட்டு நிற்கிற இடத்தில் பேச்சு போகாது, படம் போகாது, எழுத்து மட்டும் எப்போதாவது போகும் என்று போன மாதம் சொன்னீர்கள். அதனால் ஈமெயிலில் எழுதுகிறேன். கல்யாணமான புதிதில்கூட நாம் கடிதம் எழுதிக்கொண்டதில்லை. முதல் கடிதமே லேப்டாப்பைப் பற்றி என்றால் சிரிப்பீர்கள்.

லேப்டாப் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. மூடியின் கீல் உடைந்துவிட்டதால் திரையைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். பேட்டரி உப்பிவிட்டது என்று கடைக்காரத் தம்பி சிவபாலன் கழற்றி எடுத்துவிட்டான். இப்போது ஒயரில்தான் உயிர். கரண்டு ஒரு நொடி கண் சிமிட்டினாலும் செய்த வேலை போச்சு. போன வாரம் செல்லக்கனி அண்ணாச்சி கடைக்குக் கல்யாண ரவிக்கை டிசைன் ஒன்று செய்துகொண்டிருந்தேன். மயிலின் தோகை பாதி வந்திருந்தது. ஸ்விட்சைப் போட்டுத் திரும்பத் திறந்தால் மயிலுக்குக் காலும் கழுத்தும்தான் மிச்சம்.

நீங்கள் கப்பல் ஏறும்போது மாதம் இரண்டு டிசைன் வந்துகொண்டிருந்தது. இப்போது வாரம் நான்கு வருகிறது. படத்தை எம்பிராய்டரி மெஷினுக்குப் புரிகிற பைலாக மாற்றிக் கொடுக்க ஊரில் அதிகம் ஆள் இல்லை. பெரிய பைலைத் திறக்கச் சொல்லிவிட்டு நான் சோறு வடித்துவிட்டு வருகிறேன், அது இன்னும் திறந்துகொண்டிருக்கிறது.

சிவபாலன் இரண்டு வழி சொல்லுகிறான். உள்ளே இருக்கும் பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டு, கொஞ்சம் ரேமும் கூட்டினால் நான்காயிரத்துக்குள் முடியும், ஒரு வருடம் ஓடலாம். அல்லது புதிது. நாற்பதாயிரத்திலும் இருக்கிறது, அறுபதிலும் இருக்கிறது, எண்பதிலும் இருக்கிறது. "அக்டோபரோட இந்த விண்டோஸுக்கு அப்டேட் நின்னுரும் அக்கா. புதுசு இந்த மெஷின்ல ஏறாது. எப்பிடியும் ஒருநாள் மாத்தத்தான் வேணும்" என்கிறான்.

ஏப்ரலில் இறங்குகிறீர்கள் இல்லையா? வரும் வழியில் வாங்கிவருவீர்களா, நான் இங்கேயே வாங்கிவிடவா? எவ்வளவுக்கு வாங்கலாம்? இதையெல்லாம் கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை. வீட்டில் நான் வாய்விட்டுப் பேசுவது அந்தப் பெட்டியிடம் மட்டும்தான். அதுவும் திட்டுவதற்கு.

எமில்டா


வளைகுடா, நங்கூரத்தில்
6 மார்ச்

எமி,

உன் மெயில் இன்றுதான் இறங்கியது. காற்று திரும்பி, கப்பலின் பின்பக்கம் கரையைப் பார்த்து நின்றால் ஒரு கோடு சிக்னல் வருகிறது. அப்போது எல்லாரும் பின்பக்கம் ஓடுகிறோம்.

புதிது இப்போது வாங்காதே. சிவபாலன் சொன்ன எஸ்.எஸ்.டி.யைப் போடு. மெதுவாக ஓடுவதற்குப் பாதிக் காரணம் பழைய டிஸ்க்தான். கீலுக்கு இரண்டு பக்கமும் தகடு வைத்து ஸ்குரூ போட்டால் நிற்கும். நான் அங்கே இருந்தால் அரை மணி நேர வேலை. பேட்டரி இல்லாவிட்டால் ஒரு சின்ன யு.பி.எஸ். போதும், செகண்ட்ஸில் கிடைக்கும். ஜூன் மாதம் பள்ளிக்கூடம், காலேஜ் திறக்கும்போது கடைகளில் விலை இறங்கும். அதுவரை பொறு. நான் வந்த பிறகு பார்த்து வாங்கலாம்.

என் இடத்துக்கு வேண்டிய ஆள் இன்னும் கிடைக்கவில்லை என்கிறார்கள். ஏப்ரல் என்பது கொஞ்சம் தள்ளிப்போகலாம்.

இங்கே வேலை குறைவு. சாயங்காலம் தூண்டில் போடுகிறோம். நேற்று அமலன் ஒரு பெரிய பாறை மீன் பிடித்தான். அவன் நம் ஊர்ப் பையன், திரேஸ்புரம். எல்லாருக்கும் ஒரு துண்டு கிடைத்தது.

மயிலைத் திரும்பச் செய்துவிட்டாயா?

டிக்சன்


தூத்துக்குடி
28 மார்ச்

அன்புள்ள அத்தானுக்கு,

எஸ்.எஸ்.டி. போட்டாயிற்று. உண்மையிலேயே ஆள் மாறிவிட்டது. ஸ்விட்சைப் போட்டுவிட்டு எழுந்து போகவே முடியவில்லை, அதற்குள் திறந்து வைத்துக்கொண்டு என்ன வேண்டும் என்று கேட்கிறது. ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன். பிறகு பெரிய பைல்களில் பழைய குணத்தைக் காட்ட ஆரம்பித்தது. விசிறி விர்ரென்று சுற்றுகிறது, சூடாகிறது, அப்படியே உறைந்து நின்றுவிடுகிறது.

மயிலை முடித்துக் கொடுத்தேன். அண்ணாச்சிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அதனால் ஒரு பெரிய காரியம் வந்திருக்கிறது. ஒரு கடற்கரை ஊர்ப் பங்குக் கோயிலில் ஆகஸ்ட் பதினைந்து மாதா திருவிழாவுக்குப் பூசை உடுப்புகள் தைக்கக் கேட்டிருக்கிறார்களாம். சாமியார்களுக்கு ஆறு உடுப்பு, மாதா சொரூபத்துக்கு ஒரு மேலாடை. முழுக்க எம்பிராய்டரி, முதுகுப் பக்கம் அலையும் கப்பலும். அண்ணாச்சி சொன்னார்:

"ஏம்மா, மதுரையில குடுத்தா ஒரு வாரத்துல செஞ்சு தந்துருவான். ஆனா உன் கையில இருக்க நெளிவு அவன்கிட்ட வராது. நீ ஜூலைக்குள்ள முடிச்சுத் தருவேன்னு சொன்னா உனக்குத்தான். ஆனா உன் பெட்டி தாங்குமா?"

தாங்கும் என்று சொல்லவில்லை. தாங்காது என்றும் சொல்லவில்லை. வீட்டில் கேட்டுச் சொல்லுகிறேன் என்றேன். தெருவில் இறங்கிய பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. வீட்டில் யார் இருக்கிறார்கள்?

ஒன்று கேட்க வேண்டும். ஜனவரிக்குப் பிறகு கணக்கில் சம்பளம் ஏறவில்லை. பேங்கில் கேட்டேன், அவர்கள் பக்கம் ஒன்றுமில்லையாம். மீனை எல்லாருக்கும் ஒரு துண்டு என்று எழுதியிருந்தீர்கள். சமையல்காரர் இறைச்சி எடுக்கவில்லையா?

எமில்டா


நங்கூரத்தில்
14 ஏப்ரல்

எமி,

கம்பெனி பேங்க் மாற்றுகிறது. எல்லாருக்கும் நின்றிருக்கிறது. சேர்த்துப் போடுவார்கள். மீன் ஒரு ஆசைக்குத்தான்.

லேப்டாப் விஷயமாக யோசித்தேன். உன் வேலைக்கு ரேம் பதினாறு வேண்டும். எட்டு வைத்து வாங்கினால் இரண்டு வருடத்தில் திரும்ப இதே பேச்சு. நாற்பதாயிரம் மாடலில் ரேமைப் பிறகு கூட்ட இடம் இருக்கிறதா என்று கேள். சிலதில் போர்டிலேயே ஒட்டி வைத்திருப்பான், கூட்ட முடியாது. திரை நிறம் சுத்தமாகக் காட்ட வேண்டும், நூல் நிறம் பார்க்க வேண்டியிருக்கும் இல்லையா. கீல் உலோகமா பிளாஸ்டிக்கா என்று பார். வாரண்டி மூன்று வருடம். இதெல்லாம் பார்த்து வாங்க வேண்டும், அவசரம் கூடாது. ஜூன் சலுகை போனால் தீபாவளிச் சலுகை இருக்கிறது. பண்டம் எங்கேயும் ஓடிவிடாது.

அந்தப் பெரிய ஆர்டரை இந்த வருடம் விட்டுவிடேன். அடுத்த வருடம் செய்யலாம். நான் வந்த பிறகு எல்லாம் சரியாகும்.

டிக்சன்


தூத்துக்குடி
29 ஏப்ரல்

அத்தான்,

உங்கள் கடிதத்தைச் சிவபாலனிடம் வாசித்துக் காட்டினேன். "அண்ணன் சொல்லுதது அத்தனையும் சரி அக்கா. ஆனா வாங்கச் சொல்லுதாரா வேண்டாங்காரான்னுதான் புரியல" என்றான்.

எனக்கு நேற்றுப் புரிந்தது.

பூசை முடிந்து வெளியே வரும்போது ஒரு பெண் கையைப் பிடித்தாள். "எமில்டாக்காதானே? நான் சுஜிதா. அமலன் வீட்டுக்காரி." என்னைவிடப் பத்து வயது சின்னவள், கழுத்தில் ஒரு நகை இல்லை. கோயில் மதில் ஓரம் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு சொன்னாள்.

"முதலாளி கப்பலைக் கைவிட்டுட்டுப் போயிட்டானாம்லக்கா. தண்ணிகூட அளந்துதான் குடிக்காவளாம். ஜெனரேட்டர் ராவுல ஓடாதாம். எண்ணெய் இல்லயாம். தரைக்கும் விடமாட்டுக்காவ. உங்க வீட்டு அண்ணன்தான் இருக்கத வச்சு ஒட்டி ஒட்டி அந்த மோட்டாரை ஓட்டிட்டு இருக்காருன்னு இவ்வோ சொன்னாவ. அவரு இல்லன்னா இருட்டுதானாம்."

நான் தெரிந்ததுபோலத் தலையாட்டினேன். வேறு என்ன செய்வது? அவள் புருஷன் அவளிடம் சொல்லியிருக்கிறான். என் புருஷன் என்னிடம் பிளாஸ்டிக் கீலைப் பற்றி எழுதியிருக்கிறார்.

அத்தான், எனக்குக் கோபம் லேப்டாப்புக்காக இல்லை. நான் பட்டியல் போடுகிற ஆள் இல்லை, ஆனாலும் யோசித்துப் பாருங்கள். குளியலறைக் கதவு கீழே இற்றுப்போய்க் கிடக்கிறது, வந்த பிறகு பார்க்கலாம். என் கடைவாய்ப் பல், வந்த பிறகு. ஒரு வருடமாக ஒரு பக்கமாகவே மெல்லுகிறேன். குழந்தைக்காகப் பெங்களூர் டாக்டரைப் பார்ப்பது மூன்று கப்பலாகத் தள்ளிப்போய், இப்போது அதைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டோம். எனக்கு நாற்பது ஆகப்போகிறது. வந்த பிறகு, வந்த பிறகு என்றே இந்த வீட்டில் நான் இருக்கிறேன். நீங்கள் வந்தாலும் மூன்று மாதம். அதில் ஒரு மாதம் தூங்குவீர்கள்.

உண்மையைச் சொல்லுங்கள். எத்தனை மாதமாக இப்படி?

எமில்டா


நங்கூரத்தில்
8 மே

எமி,

ஜனவரியிலிருந்து.

கம்பெனி போன் எடுப்பதில்லை. ஏஜென்ட் கைகழுவிவிட்டான். கப்பலுக்கு இன்சூரன்ஸ்கூட முடிந்துபோய்விட்டதாம். கேப்டன் நல்ல மனிதர், அவரும் எங்களைப்போலத்தான் நிற்கிறார். அரிசி வருகிறது, யாரோ தர்மத்துக்குக் கொடுத்தனுப்புகிறார்கள். குடிக்கத் தண்ணீர் இருக்கிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை. பேட்டரியில் இருந்து போன் சார்ஜ் செய்கிறேன், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

கப்பலை விட்டு இறங்கினால் சம்பளத்தைக் கேட்க முடியாது என்று ஒருவன் சொல்லுகிறான். முடியும் என்று இன்னொருவன். யாருக்கும் தெரியாது. அதனால் யாரும் அசையவில்லை.

உன்னிடம் எதற்குச் சொல்லவில்லை என்றால், நீ புதிதாக ஒன்று வாங்கலாமா என்று ஆசையாக எழுதியிருந்தாய். இல்லை என்று சொல்லவும் முடியவில்லை, வாங்கு என்று சொல்லவும் பயம். உன் கையில் இருப்பது மட்டும்தான் நமக்கு இப்போது இருக்கிறது. அது தீர்ந்தால் நீ யாரிடம் போய் நிற்பாய்? அதனால் ரேம், கீல் என்று எழுதினேன். எழுதும்போது கொஞ்ச நேரம் நம் வீட்டில் உட்கார்ந்து ரிப்பேர் பார்க்கிற மாதிரி இருந்தது.

அந்தப் பணத்தைத் தொடாதே. லேப்டாப் வேண்டாம்.

டிக்சன்


தூத்துக்குடி
21 மே

அன்புள்ள அத்தானுக்கு,

வாங்கிவிட்டேன்.

திட்டுவதற்கு முன் எப்படி வாங்கினேன் என்று கேளுங்கள்.

உங்கள் கடிதம் வந்த பிறகு நான்கைந்து நாள் வேலையே ஓடவில்லை. பழைய பெட்டியை வைத்துக்கொண்டு சிறிய டிசைன்களைச் செய்து, இருப்பதை வைத்து ஓட்டலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதுதான் புத்திசாலித்தனம் போலத் தெரிந்தது. அன்று பூசை உடுப்புக்கு ஒரு அலையை மட்டும் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது வரியில் உறைந்து நின்றது. அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன், திறக்கவில்லை. வெறும் கறுப்புத் திரை. அதில் என் முகம் தெரிந்தது.

எடுத்துக்கொண்டு சிவபாலன் கடைக்குப் போனேன். போர்டு போய்விட்டது என்றான். ஆறாயிரம் செலவழித்தால் பழைய போர்டு ஒன்று போடலாம், உத்தரவாதம் கிடையாது.

"நீங்க எத்தனை வருஷத்துக்குப் பாக்கீங்க அக்கா? அதச் சொல்லுங்க, வெலைய நான் சொல்லுதேன்" என்றான்.

நான் எப்போதும் அடுத்த கப்பல் வரைதான் பார்த்திருக்கிறேன். ஐந்து வருடம் என்று சொன்னேன். சொன்னதும் பயமாக இருந்தது. ஐந்து வருடத்துக்கு நானே வேலை செய்து சாப்பிடப் போகிறேன் என்று கடையில் நின்று சத்தமாகச் சொன்ன மாதிரி.

"அப்ப நாப்பதாயிரம் மாடல் உங்களுக்கு நஷ்டம். எண்பதாயிரம் விளையாடுத பையங்களுக்கு. நடுவுல ஒண்ணு இருக்கு."

நீங்கள் எழுதிய எல்லாவற்றையும் கேட்டேன். ரேம் பதினாறு, கீல் உலோகம், வாரண்டி மூன்று வருடம், திரையில் சிவப்பு சிவப்பாகவே தெரிகிறது. ஐம்பத்தெட்டாயிரம். கையிலிருந்ததில் பெரும்பகுதி போயிற்று. பழைய பெட்டியில் இருந்த எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி, டிசைன்கள் அத்தனையையும் மாற்றிக் கொடுத்தான். அண்ணாச்சியிடம் போய் ஆர்டரை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி முன்பணமும் வாங்கிவிட்டேன்.

இன்னொரு வேலையும் செய்தோம். சுஜிதா வந்தாள். அமலன் ஏறும்போது போட்ட ஒப்பந்தம், உங்களுடையது, எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, கப்பல் தொழிலாளர் சங்கத்துக்கும் அரசாங்க அலுவலகத்துக்கும் அனுப்பினோம். ஆங்கிலம் தடுமாறியது. அவள் சொன்னாள், நான் அடித்தேன். இரண்டு நாள் கழித்துச் சங்கத்திலிருந்து ஒரு வக்கீல் அம்மாள் பேசினார். "இத்தனை மாசமா யாரும் ஏன் எழுதல?" என்று கேட்டார்.

உங்களிடம் கேட்காமல் நான் வாங்கிய முதல் பெரிய சாமான் இது.

எமில்டா


நங்கூரத்தில்
10 ஜூன்

எமி,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத மனமில்லை. கோபமாக இருந்தேன். வேண்டாம் என்று சொன்னேன், வாங்கிவிட்டு விலையையும் எழுதுகிறாய். இங்கே ஒரு சிகரெட்டை மூன்று பேர் பிடிக்கிறோம்.

பிறகு ஒரு படகு வந்தது. சங்கத்து ஆளும் துறைமுக அதிகாரி ஒருவரும் ஏறிவந்தார்கள். நீயும் சுஜிதாவும் அனுப்பிய காகிதங்கள் அவர்கள் கையில் இருந்தன. வீட்டுக்குப் போக விரும்புகிறவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம், டிக்கெட் சங்கம் தரும். சம்பளத்துக்குக் கேஸ் நடக்கும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது, வராமலும் போகலாம். எங்களுக்குப் பதில் காவலுக்கு வேறு ஆட்கள் வருவார்கள்.

பாதிப் பேர் போட்டுவிட்டார்கள். அமலனுக்குக் கால் வீங்கியிருக்கிறது, அவனும் போட்டான். நான் போடவில்லை. கப்பலை ஏலம் விட்டால் முதலில் ஆட்களின் சம்பளத்தைத்தான் எடுப்பார்கள் என்கிறார்கள். இத்தனை நாள் நின்றாயிற்று. இன்னும் இரண்டு மாதம் நின்றால் கையில் ஏதாவது கொண்டு வரலாம். வெறுங்கையோடு எப்படி வருவேன்?

புதிய பெட்டி நன்றாக ஓடுகிறதா என்று கேட்கக் கூடாது என்று இருந்தேன். ஓடுகிறதா?

டிக்சன்


தூத்துக்குடி
22 ஜூன்

அன்புள்ள அத்தானுக்கு,

ஓடுகிறது. சத்தமே இல்லை. பழையதில் விசிறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், வீட்டில் யாரோ இருக்கிற மாதிரி. இப்போது வீடு இன்னும் அமைதியாகிவிட்டது.

நான்கு உடுப்புக்கு டிசைன் முடிந்துவிட்டது. அண்ணாச்சி கடையில் மெஷினில் போட்டுப் பார்த்தோம். நீலத் துணியில் வெள்ளி நூலில் அலை ஒவ்வொன்றாக எழும்பி வந்தது. நூல் ஒரு தடவைகூட அறவில்லை. அண்ணாச்சி கடைப் பெண்ணை அனுப்பி எனக்கு ரோஸ் மில்க் வாங்கிவரச் சொன்னார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய மரியாதை. குடித்துக்கொண்டிருக்கும்போது இதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றி, எப்படிச் சொல்வது, எழுத்தில் இது வராதே என்று தோன்றி, பாதியில் வைத்துவிட்டேன்.

இப்போது நான் எழுதப் போவதை மெதுவாக வாசியுங்கள். பேட்டரி தீர்ந்தாலும் பரவாயில்லை, சார்ஜ் போட்டு மறுபடி வாசியுங்கள்.

எனக்குக் கஷ்டம், வந்து காப்பாற்றுங்கள் என்று நான் கூப்பிடவில்லை. எனக்குச் சமாளிக்கத் தெரிந்துவிட்டது. அரிசிக்கும் கரண்டுக்கும் வருகிறது. பல்லைப் போய்ப் பிடுங்கிவிட்டேன். ராஜா மாதிரி ஒரு லேப்டாப் இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது. நீங்கள் இல்லாமல் ஒவ்வொன்றாக எனக்குப் பழகிக்கொண்டே வருகிறது. முன்பெல்லாம் சாயங்காலம் விளக்குப் போடும்போது உங்களை நினைப்பேன். இப்போது சில நாள் மறந்துவிடுகிறேன். மறந்தது மறுநாள்தான் ஞாபகம் வருகிறது. இன்னும் கொஞ்ச நாளில் நீங்கள் வந்து நின்றால், இந்த வீட்டில் எங்கே உட்காருவது என்று நீங்கள் என்னைக் கேட்க வேண்டியிருக்கும்.

கப்பலை எப்போது ஏலம் விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அது வரைக்கும் அந்த மோட்டாரை ஒட்டி ஒட்டி ஓட்டப் போகிறீர்களா? நான் ஆறாயிரம் போட்டுப் பழைய போர்டை மாற்றியிருந்தால் நீங்களே என்னைத் திட்டியிருப்பீர்கள்.

கையெழுத்துப் போடுங்கள், அத்தான். வெறுங்கைதான் வேண்டும்.

எமில்டா


தூத்துக்குடி
20 ஜூலை

அத்தான்,

ஒரு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. ஆறு உடுப்பும் முடிந்து, மாதா மேலாடையும் முடிந்து, எல்லாம் தைத்துப் பங்குக்குப் போய்விட்டது. தினமும் மெயிலைத் திறந்து திறந்து பார்த்தேன். காற்று திரும்பவில்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

இன்று அமலனும் சுஜிதாவும் வீட்டுக்கு வந்தார்கள். அவன் மெலிந்து போயிருக்கிறான், ஆனால் நடக்கிறான். பனங்கற்கண்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தான். நான் காப்பி போடும்போது உங்களைத் தேடுகிற மாதிரி உள்ளே எட்டிப் பார்த்தான்.

"அண்ணன் எங்கக்கா, வெளிய போயிருக்காரா?"

"எந்த அண்ணன்?"

அவன் சுஜிதாவைப் பார்த்தான். சுஜிதா அவனை முறைத்தாள்.

"அக்கா... அண்ணன் என்கூடத்தான் பிளைட்ல வந்தாரு. கடைசி நாள்ல கையெழுத்துப் போட்டுட்டாரு. சென்னையில எறங்கி, நீ போடே, நான் ஒரு வேலையா நின்னுட்டு வாரேன்னாரு. அது பத்து நாளாச்சு. இன்னுமா வரல?"

நான் அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டேன். சுஜிதா வந்து காப்பியை ஆற்றிக் கொடுத்தாள். அவர்கள் போகும்வரை அழவில்லை.

கடலில் நின்றீர்கள், அது உங்கள் கையில் இல்லை. சென்னையிலும் நிற்கிறீர்கள். இங்கிருந்து ஒரு ராத்திரிப் பயணம். உங்கள் போன் இப்போது ஒலிக்கும், எனக்குத் தெரியும். ஆனால் நான் கூப்பிடப் போவதில்லை. எடுக்காவிட்டால் என்னால் தாங்க முடியாது.

எமில்டா


சென்னை, ராயபுரம்
21 ஜூலை

எமி,

உன் மெயில் வந்த சத்தம் கேட்டதும் உட்கார்ந்துவிட்டேன்.

இங்கே ஒரு மேன்ஷனில் இருக்கிறேன். கப்பலில் பழகிய ஒருத்தர் இடம் கொடுத்தார். தினமும் ஆள் எடுக்கிற ஆபீஸ்களுக்குப் போகிறேன். ஒரு கப்பல் கிடைத்து, முன்பணம் கொஞ்சம் கையில் வாங்கி, அதோடு வீட்டுக்கு வந்து உன் முகத்தைப் பார்த்துவிட்டு ஏறலாம் என்று நினைத்தேன். கிடைக்கவில்லை. போன கப்பலின் பெயரைச் சொன்னாலே கேஸ் இருக்கிறதே என்று தயங்குகிறார்கள்.

நேற்று முன்தினம் எழும்பூர் வரை போனேன். வண்டி நின்றது. ஏறவில்லை. நீ எழுதியது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. உனக்கு எல்லாம் பழகிவிட்டது. நல்ல லேப்டாப், நல்ல வேலை. பதினோரு வருடமாக நான் அனுப்பிய பணம்தான் அந்த வீட்டில் நானாக இருந்தது. அது இல்லாமல் நான் வந்தால் என்னை என்னவென்று வைத்துக்கொள்வாய்? எங்கே உட்காருவது என்று உன்னிடம் கேட்க வேண்டியிருக்கும் என்று எழுதினாயே, அது சரிதான் என்று தோன்றியது.

பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இருக்கிறார். யாருடனும் பேசுவதில்லை. நானும் அப்படித்தான் ஆகிவிட்டேன். சாப்பாட்டுக் கடையில் விரலைக் காட்டி வாங்கிக்கொள்கிறேன்.

டிக்சன்


தூத்துக்குடி
21 ஜூலை

அத்தான்,

உங்கள் கடிதத்தை வாசித்து முடித்ததும் டிக்கெட் போட்டுவிட்டேன். முத்துநகர் எக்ஸ்பிரஸ், நாளை மறுநாள், கீழ்ப் படுக்கை. உங்கள் பெயர், உங்கள் வயது. வயதை அடிக்கும்போது ஒரு நிமிடம் யோசித்தேன், இந்தப் பிறந்தநாளுக்கும் நீங்கள் கப்பலில்தான் இருந்தீர்கள். டிக்கெட் இத்துடன் இருக்கிறது. மேன்ஷனில் கொடுக்க வேண்டியது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், போனிலேயே அனுப்புகிறேன்.

எங்கே உட்காருவது என்று நான் எழுதியது உங்களைப் பயமுறுத்த. பயமுறுத்தினால் ஓடிவருவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் எதிர்ப்பக்கம் ஓடிவிட்டீர்கள்.

பணம் அனுப்பிய ஆளை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. அவர் பேங்க் கணக்கில் மாதம் ஒருநாள் வந்து போவார். எனக்குத் தெரிந்தவர் கப்பலில் இருளில் உட்கார்ந்து, என் லேப்டாப் கீலுக்கு எப்படித் தகடு வைப்பது என்று எழுதியவர். அவரைத்தான் வரச் சொல்லுகிறேன். வேலை இங்கேயே தேடலாம், துறைமுகம் இங்கேயும் இருக்கிறது. அல்லது திரும்பக் கடலுக்கே போங்கள். ஆனால் வீட்டிலிருந்து புறப்பட்டுப் போங்கள்.

நான் ஸ்டேஷனுக்கு வருவேன். நீங்கள் ஏறினீர்களா இல்லையா என்று கேட்க மாட்டேன். வண்டி வரும்போது அங்கே நிற்பேன், அவ்வளவுதான்.

எமில்டா


முத்துநகர் எக்ஸ்பிரஸ்
24 ஜூலை, காலை

எமி,

மணியாச்சி தாண்டிவிட்டது. வெளியே உடைமரமும் சிவப்பு மண்ணும். கடல் இன்னும் தெரியவில்லை.

ஏறிவிட்டேன் என்று நேற்றே எழுதியிருக்கலாம். நடுவில் எங்கேயாவது இறங்கிவிடுவேனோ என்று எனக்கே சந்தேகம். விருதுநகரில் முழித்துக்கொண்டு, வாசல் வரை போய் நின்று, திரும்பி வந்து படுத்தேன்.

தாடி இருக்கிறது. சட்டை தொளதொளவென்று இருக்கும். ஒரே ஒரு பை. கூட்டத்தில் தேடும்போது இதை வைத்துப் பார்த்துக்கொள். யாரையும் கூட்டிக்கொண்டு வராதே.

எதிர் சீட்டில் இருக்கும் அம்மாள் எந்த ஊர் என்று கேட்டார்கள். போனில் இருந்த டிக்கெட்டை எடுத்துக் காட்டினேன். என்ன பேசுவது என்று ராத்திரி முழுக்க யோசித்தும் ஒன்றும் வரவில்லை. பேசி ரொம்ப நாளாகிவிட்டது, எமி.

இறங்கியதும் முதலில் நீ பேசு.

டிக்சன்